‘அந்த நாள்’: பாட்டில்லாத படமும் துரோகம் என்னும் வினாவும்

தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் 1954 ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ‘அந்த நாள்’ என்னும் படத்தைத் தவறாது குறிப்பிடுவர். அவர்கள் கூறுவதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பாட்டும் நடனமும் சண்டைக் காட்சியும் இன்றி வெளிவந்த முதலாவது தமிழ்ப் படம் அது, விமர்சகர் போற்றினர், பொதுமக்கள் ஏமாற்றமடைந்தனர், காலஞ்சென்றபின் அது அரிய படம் என்னும் பெயரைப் பெற்றது. இக்கூற்றுப் பிழையானதன்று. ஆயினும், படத்தில் எது இல்லை என்பதையே திரும்பத் திரும்பக் கூறுவதால், அதில் எது உண்டு என்பது பின்தள்ளப்பட்டுவிட்டது. யுத்தகாலச் சென்னையில் நிகழும் ஓர் ஒற்றனின் கொலையைப் பற்றியது அப்படம். ‘தேசத் துரோகம்’ என்பது யாது, அதனைத் தீர்மானிப்பவர் யாவர் என்னும் கேள்விகளை அது தன்னையறிந்தும் அறியாமலும் எழுப்புகின்றது. அக்கேள்விகளை இலங்கையின் மலையகத்திலிருந்து நோக்கும்பொழுது அவை வேறு கனத்தைப் பெறுகின்றன. அவ்வாறு நோக்குவதே எமது எண்ணம்.

முதலிற் படம் உருவான சூழல். அதனை இயக்கிய எஸ். பாலசந்தர் (1927-1990) பிற்காலத்தில் வீணை வித்துவானாகவே பெரிதும் அறியப்பட்டவர். இளமையில் அவர் நடிகராகவும் இயக்குநராகவும் சினிமாவில் ஈடுபட்டிருந்தார். 1952 இல் இந்தியாவில் முதலாவது சர்வதேசத் திரைப்பட விழா நடைபெற்றது. பம்பாய், சென்னை, டில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களிற் படங்கள் காட்டப்பட்டன. இத்தாலிய யதார்த்தவாதப் படங்களும் யப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படமும் அவ்விழாவின் வாயிலாகவே இந்தியக் கலைஞர்களைச் சென்றடைந்தன. ஒரு கொலையைப் பற்றிப் பலர் பலவாறு கூறும் அந்த யப்பானியப் படத்தின் கதைசொல்லும் முறை பாலசந்தரைக் கவர்ந்தது. அதே முறையில் அவர் எழுதிய நாடகம் வானொலிக்கு ஏற்றதன்று என அகில இந்திய வானொலியினால் ஒதுக்கப்பட்டதாகக் கூறுவர். ஏ. வி. மெய்யப்பன் அதனைப் படமாக்க முன்வந்தார். திரைக்கதை வசனத்தை ஜாவர் சீதாராமன் எழுதியதுடன் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். ஒளிப்பதிவு மாருதிராவ். கொலையுண்ட ராஜனாகச் சிவாஜி கணேசனும் அவன் மனைவி உஷாவாகப் பண்டரிபாயும் தோன்றினர். இவ்விருவரும் 1952 இல் வெளிவந்த ‘பராசக்தி’யில் காதலர்களாக நடித்தவர்கள் என்பதனை இரசிகர் அப்பொழுது மறந்திருக்கமாட்டார்கள்.

கதை பின்வருமாறு. 1943 அக்டோபர் 11 ஆந் திகதி யப்பானிய விமானம் சென்னையிற் குண்டு வீசுகின்றது. இது வரலாற்று நிகழ்ச்சி. துறைமுகப் பகுதியில் விழுந்த அக்குண்டுகளாற் பெருஞ்சேதம் விளையவில்லை எனினும் நகரம் கலங்கியது. படம் தொடங்கும்பொழுதே துப்பாக்கி வெடிக்கின்றது. வானொலிப் பொறியியலாளனாகிய ராஜன் வீழ்ந்து இறக்கின்றான். நாயகன் முதற்காட்சியிலேயே பிணமாகின்ற படத்தைத் தமிழ் இரசிகர் அதற்குமுன் கண்டிருந்தனரா என்பது ஐயமே. அயல்வீட்டுக்காரரான சின்னையா, தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்பு கொண்டிருந்த நாட்டியக்காரி அம்புஜம், மனைவி உஷா ஆகியோர் விசாரிக்கப்படுகின்றனர். ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சுட்டுகின்றனர். ஒவ்வொருவருடைய கூற்றிலும் வேறொரு ராஜன் தோன்றுகின்றான். இறுதியில் வெளியாகும் உண்மை யாதெனில், ராஜன் யப்பானியருக்குச் செய்தி அனுப்பிய ஒற்றன். தன் ஆராய்ச்சிக்கு இந்நாட்டில் ஆதரவு கிட்டாத வெறுப்பில் அவ்வழியை நாடியவன். அதனைக் கண்டுகொண்ட உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவனைக் கொன்றது.

படம் பெற்ற வரவேற்பை இனி நோக்கலாம். அக்காலத் தமிழ்ப் படமொன்றில் எட்டோ பத்தோ பாடல்கள் இடம்பெறுவது வழக்கம். முற்பட்ட காலத்தில் அத்தொகை பன்மடங்காக இருந்தது. பாட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குட் புகுந்தவர்கள் இரண்டு மணித்தியாலத்துக்குமேல் பாட்டின்றி இருக்கநேர்ந்தது. அவர்கள் தாம் கொடுத்த காசுக்கு உரிய பண்டம் கிடைக்கவில்லை என உணர்ந்ததில் வியப்பில்லை. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த ‘மனோகரா’வில் கருணாநிதியின் வசனத்தை முழங்கிய சிவாஜியைக் கண்டு ஆரவாரித்தோருக்கு, தணிந்த குரலிற் பேசும் இந்த ராஜன் அந்நியனாகவே பட்டிருப்பான். மறுபுறம் படித்த வகுப்பாரும் பத்திரிகையாளரும் புதுமையைப் பாராட்டினர். 1954 ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளிற் தமிழுக்குரிய வெள்ளிப் பதக்கம் ‘மலைக்கள்ள’னுக்குக் கிடைக்க, ‘அந்த நாள்’ தகுதிச் சான்றிதழைப் பெற்றது. எம். ஜி. இராமச்சந்திரனின் வீரசாகசப் படம் முதலிடத்தையும் இப்படம் அதற்கடுத்த இடத்தையும் பெற்றமை அக்கால இரசனையின் அளவுகோலை ஒருவாறு காட்டும்.

இலங்கையைப் பொறுத்தமட்டில் வரவேற்பைப் பற்றிக் கூறவேண்டியது இன்னொன்றுண்டு. தமிழ்ப் படங்கள் இந்நாட்டு மக்களின் நினைவில் நிலைத்தமைக்குத் திரையரங்குகள் ஒரு காரணமாயின், இலங்கை வானொலி அதனிலும் பெரிய காரணம். ஐம்பது, அறுபது, எழுபதுகளில் இந்நாட்டிலும் தென்னிந்தியாவிலும் திரைப்படப் பாடல்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தது அந்நிலையமே. படம் பாராதவரும் பாட்டைக் கேட்டனர். பாட்டைக் கேட்டவர் படத்தைத் தேடினர். பாட்டில்லாத படத்துக்கு இவ்வழி அடைபட்டிருந்தது. தோட்டத்து லயத்தில் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களுக்கு ‘அந்த நாள்’ என்னும் பெயர் எட்டுவதற்கே மார்க்கமிருக்கவில்லை. வரலாற்றின் முரண் ஒன்றையும் இங்கே சுட்டலாம். இலங்கை வானொலி வலிமைபெறக் காரணமான ஏக்கலை ஒலிபரப்பு நிலையம், யப்பானுக்கெதிரான யுத்தத்தின்பொருட்டு மௌண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமை நிறுவிய நிலையமாகும். யுத்தம் முடிந்தபின் அது இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. யப்பானுக்காக வானொலியை இயக்கிய ராஜனின் கதையை, யப்பானை எதிர்க்க எழுந்த வானொலி ஒலிக்கச்செய்யவில்லை. அக்கட்டளைத் தலைமை 1944 இல் பேராதனைப் பூங்காவில் வந்து அமர்ந்தமையும் நாம் அறிந்ததே.

ஆகவே பாட்டின்மை தோல்விக்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. அது மட்டுமே காரணம் என்பதை நாம் ஏற்கத் தயங்குகிறோம். அதற்குப் படத்தின் அமைப்பை நுணுகி நோக்கவேண்டும்.

‘ராஷோமோன்’ படத்திற் கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன; எது நடந்தது என்பது முற்றாகத் தெளிவதில்லை. இறந்தவனின் ஆவிகூடத் தன்னைப் பற்றி நம்பத்தகாத கதையைக் கூறுகின்றது. மனிதர் தம்மைக் குறித்துப் பொய்யின்றிப் பேசவல்லரா என்பதே குரோசாவாவின் பிரச்சினை. பாலசந்தர் இம்முறையை எடுத்துக்கொண்டார், அப்பிரச்சினையை எடுத்துக்கொள்ளவில்லை. ‘அந்த நா’ளிற் கூற்றுகள் பொய்க்கின்றன, ஆனால் உண்மை ஒன்றே, அதனைக் கண்டறியும் ஆற்றல் அதிகாரி சிவானந்தத்திடம் உண்டு. இவ்வகையில் இது 1950 இல் அந்தனி அஸ்க்வித் இயக்கிய ‘த வுமன் இன் குவெஸ்ச்சன்’ என்னும் ஆங்கிலப் படத்தையே பெரிதும் ஒத்தது எனக் கூறுவோர் உளர். அக்கருத்துப் பொருத்தமானதாகவே எமக்குத் தோன்றுகின்றது. ஐயம் நிறைந்த வடிவமொன்று, ஐயமற்ற முடிவொன்றுக்குப் பயன்படுத்தப்படுகின்றது. ஐந்து பேரின் வாயிலாகச் சொத்துத் தகராறு, பொறாமை, காமம், பணத்தாசை என நடுத்தரவர்க்கக் குடும்பமொன்றின் உட்புறம் முழுவதும் கொட்டப்பட்டபின், இவையெல்லாம் பொருட்டன்று, அரசியலே காரணம் எனப் படம் திடீரெனத் திரும்புகின்றது. இத்திருப்பம் துணிவானது. ஆனால் அத்துணிவுக்கு வேண்டிய அரசியல் விளக்கத்தைப் படம் தரவில்லை. இங்குதான் அதன் வலியும் மெலிவும் ஒருங்கே கிடக்கின்றன.

1943 அக்டோபரில் இந்தியா எவருடைய நாடு? பிரித்தானிய ஆட்சி நடந்துகொண்டிருந்தது. காங்கிரஸ் தலைவர்கள் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின் விளைவாக 1942 ஆகஸ்டு முதற் சிறையில் இருந்தனர். சுபாஸ் சந்திரபோஸ் 1943 யூலையிற் சிங்கப்பூர் சேர்ந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றிருந்தார். சென்னையிற் குண்டு விழுந்த நாளுக்குச் சரியாகப் பத்து நாட்கள் கழித்து, அதாவது 1943 அக்டோபர் 21 இல், அவர் சிங்கப்பூரிற் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். யப்பானின் துணையோடு எழுந்த அப்படையிற் பெருந்தொகையான சாதாரண வீரர்கள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். மகளிர் படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த வைத்தியர் இலட்சுமி சுவாமிநாதன். இவர்களைப் பிரித்தானியர் துரோகிகள் என்றனர். 1945 இன் இறுதியிற் செங்கோட்டையில் விசாரணை நடந்தபொழுது, நீண்டகாலமாகக் கைவிட்டிருந்த வழக்கறிஞர் அங்கியை நேரு மீண்டும் அணிந்து அவர்களுக்காகத் தோன்றினார். எனவே யப்பானோடு சேர்ந்தவன் எவனும் தேசத் துரோகி என்னும் நிலைப்பாட்டை 1954 இல் இந்தியர் எவரும் எளிதில் எடுத்துவிட முடியாது.

படம் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தது? தீர்க்கவில்லை, தவிர்த்தது. ராஜனைக் கொள்கையற்றவனாக்கியது. விடுதலைக்காக அன்றி, மதிப்புக் கிட்டாத ஆத்திரத்தினாலும் ஆசையினாலும் அவன் ஒற்றனாகின்றான். மனைவியையும் ஏமாற்றுகின்றான். தனிவாழ்விற் பொய்யன் ஆகையாற் பொதுவாழ்விலும் பொய்யன் எனப் பார்ப்போர் எளிதில் ஒப்புக்கொள்ளும் வண்ணம் அவன் வார்க்கப்பட்டுள்ளான். அவன் கூறும் குறை மாத்திரம் இவ்வார்ப்புக்குள் அடங்காது நிற்கின்றது. திறமையுள்ள விஞ்ஞானி ஒருவனைத் தன் நாடு பயன்படுத்தவில்லை என்னும் அக்குறை, குடியேற்றநாட்டு அமைப்பின்மீது வைக்கப்பட்ட உண்மையான குற்றச்சாட்டு. சிவாஜி அவ்விடத்தில் வசனத்தை முழக்காது கசப்போடு பேசும் முறையினால், திரைக்கதை கண்டிக்கும் ஒருவனுக்கு நடிப்பு நியாயம் வழங்கிவிடுகின்றது. படத்தின் மிகச் சிறந்த பகுதி அதுவே என்பது எமது கருத்து.

யப்பானியர் விடுதலை வீரராக வந்தனர் எனக் கூறுவது எமது நோக்கமன்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் - பர்மா இரயிற்பாதை வேலைக்கு இழுத்துச்செல்லப்பட்டுக் காட்டில் மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரின் வரலாறு அப்பொய்யை மறுக்கப் போதுமானது. ஒரே தோட்டத்து லயத்திலிருந்து ஒருவன் போஸின் படைக்கும் இன்னொருவன் மரண இரயிற்பாதைக்கும் சென்ற காலம் அது. முற்போக்காளர்களும் அன்று ஒரே நிலையில் நிற்கவில்லை. சோவியத் நாடு தாக்கப்பட்டபின் இந்தியக் கம்யூனிஸ்டுகள் யுத்தத்தை மக்கள் யுத்தமெனக் கொண்டனர். இலங்கையில் லங்கா சமசமாஜக் கட்சி அதனை ஏகாதிபத்திய யுத்தமெனக் கண்டித்துத் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவர்கள் 1942 ஏப்ரலில், கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானியக் குண்டுகள் விழுந்த அந்நாட்களில், கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பிச்சென்றனர். அடுத்த மாதம் கொக்கோஸ் தீவுகளில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் ஆங்கில அதிகாரிக்கெதிராகக் கலகம் செய்தனர். அவர்களுள் மூவர் தூக்கிலிடப்பட்டனர். கிறேஷன் பெர்னாண்டோ அவர்களின் தலைவர். அவரைத் துரோகி என்பதா, தேசபக்தர் என்பதா? இத்தகைய ஒருவனைக் கதையின் நடுவில் நிறுத்த ஏவிஎம் நிறுவனம் துணிந்திருக்குமாயின் ‘அந்த நாள்’ முற்றிலும் வேறு படமாகியிருக்கும். தணிக்கை அதனை விட்டிருக்குமா என்பது தனிக் கேள்வி.

மாத்தளைக்கு இச்சொல் புதியதன்று. 1848 இல் வரிகளுக்கெதிராக அங்கு எழுந்த கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். கொங்காலேகொட பண்டா இராசத்துரோகக் குற்றத்துக்கு மரணதண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு, மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். இன்று அவர்கள் தேசிய வீரர்கள். அதே பத்தாண்டுகளில், மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்துசேர்ந்த தமிழகத்துக் கூலிகள் வழிநெடுகிலும் மடிந்தனர். அவர்களுக்கு வீரர் பட்டமும் இல்லை, துரோகி பட்டமும் இல்லை.

மாத்தளை நகருக்கு வடமேற்கேயுள்ள யட்டவத்தப் பிரதேசத்தில், இறப்பரும் கொக்கோவும் மிளகும் சூழ்ந்த தோட்டமொன்றில், ஆசிரியர் சிலரோடும் ஓய்வுபெற்ற தொழிலாளர் சிலரோடும் கூடியிருந்து இப்படத்தைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. பாட்டில்லையே என்று குறைப்பட்டவர் இருவரே. மற்றோரை ஆட்கொண்டது கதையின் புதிர். இடைவேளையின்போது கொலைகாரர் யாரென்று பந்தயம் கட்டியோரும் உண்டு; பெரும்பாலோர் தம்பி பட்டாபியையே சுட்டினர். ஆனால் முடிவு வந்ததும் ஆரவாரம் எழவில்லை. முதிய பெண்ணொருவர் எம்முடன் வந்த ஆசிரியரைத் தம்பி என விளித்து, அவன் காட்டிக்கொடுத்தது வெள்ளைக்காரனைத்தானே, இந்தப் பிள்ளை ஏன் தாலியை இழக்கவேண்டும் என்று கேட்டார். அவருடைய பெரியதந்தையார் மலாயாவுக்குச் சென்று திரும்பாதவராம். எப்படையிற் சேர்ந்தார், எங்கு இறந்தார் என்பதைக் குடும்பத்தில் ஒருவரும் அறியார். ஆசிரியர் தேசபக்தி என்று ஏதோ தொடங்கி நிறுத்திக்கொண்டார். ஓர் இளைஞர் குறுக்கிட்டு, வெள்ளைக்காரன் போனாலும் நாடு இருக்கும் அல்லவா, குண்டு விழுவது நம்மவர் தலையில்தானே என்றார். வாதம் இரவு நெடுநேரம் நீடித்தது.

அந்த அம்மையாரின் கேள்வி கல்வியாளர் எவரும் எழுப்பாத கேள்வி என்பதனாலேயே அதனை இங்கே பதிகின்றோம். தேசம் என்னும் சொல்லை அவர் எம்மைப்போல் இலகுவாகக் கையாளமாட்டார். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. ‘அந்த நாள்’ வெளிவருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1954 சனவரியில், நேருவும் கொத்தலாவலையும் டில்லியில் ஒப்பந்தம் செய்து இம்மக்களின் தலைவிதியைப் பேசினர். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவைத்தது. இறுதியாக 2003 ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. எந்தத் தேசமும் தமதென ஒப்பாத மக்கள், தேசத்துக்காகக் கணவனைச் சுடும் பெண்ணைக் கண்டு எவ்வாறு உடனே மெய்சிலிர்ப்பர்? 1954 இற் சென்னைக் கொட்டகைகளில் இருந்தவர்களும், அவ்வளவு கூர்மையாக இல்லாவிடினும், ஒத்த தயக்கத்தை உணர்ந்திருக்கக்கூடும். 1943 இல் ஆட்சியாளர் வேறு, நாடு வேறு என்பதை அவர்கள் பத்தாண்டுகளில் மறந்திருக்கமாட்டார்கள். மறக்குமாறு படம் கேட்டது.

உஷாவின் பாத்திரத்தைப் பற்றிச் சில கூறாது விடுதல் நியாயமன்று. ‘கணவனே கண்கண்ட தெய்வம்’ என்னும் பெயரிலேயே படமொன்று அடுத்த ஆண்டில் வெளிவந்த சினிமாவுலகில், கணவனைக் குற்றவாளி எனக் கண்டு அவன்மீது துப்பாக்கி நீட்டும் மனைவியைக் கதையின் அறநிலைப்பட்ட மையமாக வைத்தமை சிறிய காரியமன்று. பிற்பட்ட பல படங்களின் நாயகிகளைவிட உஷா சிந்திப்பவள். அவளுக்கென்று அரசியல் உண்டு. பண்டரிபாய் அழுகையைக் குறைத்து முகத்தின் இறுக்கத்தாலேயே அதனை உணர்த்துகின்றார். ஆனால் கடைசிக் கணத்திற் படம் பின்வாங்குகின்றது. அவள் உறுதியோடு சுட்டாளா, கை நடுங்கித் துப்பாக்கி வெடித்ததா என்பது கற்பைக் காக்கும் வகையிற் கலங்கலாக்கப்பட்டுள்ளது. குரோசாவாவிடமிருந்து பெற்ற ஐயத்தை வேண்டிய இடங்களிலெல்லாம் விலக்கிய பாலசந்தர், இவ்வொரு விடயத்தில் மாத்திரம் அதனை வைத்துக்கொண்டார். யட்டவத்தையில் நடந்த அவ்வாதத்திலும் பெண்கள் அவள் சுட்டாள் என்றனர். ஆண்கள் பலர் அது தற்செயல் என்றனர்.

பாலசந்தர் பின்னர் ‘அவனா இவன்’, ‘பொம்மை’, ‘நடு இரவில்’ ஆகிய மர்மப் படங்களை இயக்கினார். 1964 இல் வெளிவந்த ‘பொம்மை’யிற் பாடல்கள் உண்டு, அவை வானொலியிலும் ஒலித்தன. அரசியல் அப்படங்களில் இடம்பெறவில்லை.